ஸ்பீக்கர் ஆம்பிலிருந்து ஹெட்ஃபோன்: நான்கு ரெசிஸ்டர் போட்ட ஒரு சின்னப் பெட்டி

ஸ்பீக்கரை ஓட்டும் நல்ல ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கையில் இருக்கிறது, ஆனால் அதில் ஹெட்ஃபோன் ஜாக் இல்லை. இதற்காகத் தனியாக ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்க வேண்டுமா? என்னைக் கேட்டால், பெரும்பாலும் வேண்டாம். ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே, அதாவது ஆம்பின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளிலிருந்தே, ஹெட்ஃபோனை அருமையாக ஓட்டலாம். நான் தினமும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் ஒயரை நேராக இழுத்துக் கொடுத்துவிடக் கூடாது. நடுவில் நான்கு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கும் சின்ன உதிரிபாகம்) போட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதை எப்படிச் செய்வது, அதற்கு முன் உங்கள் ஆம்பில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். என் மேசையில் இருக்கும் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 50 வாட் தரும். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். நான் அதிகம் பயன்படுத்தும் ஹெட்ஃபோன் சென்ஹைசர் ஹெச்டி 650. அதன் மின்தடை 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும். 4 வோல்ட் கொடுத்தால் 115 டெசிபல். பெரிய ஆர்கெஸ்ட்ரா இசையின் உச்சக் கணங்களுக்குக்கூட அதற்கு மேல் தேவைப்படாது. ஆக எனக்கு வேண்டியது அதிகபட்சம் 4 வோல்ட், ஆம்பிடம் இருப்பது 20 வோல்ட். சாதாரண 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. 20 வோல்ட்டை அப்படியே அதற்குக் கொடுத்தால் 12.5 வாட் பாயும். பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் சில நூறு மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. உள்ளே இருக்கும் சுருள் முடி போல மெல்லியது, ஒரு நொடி போதும் கருகிவிடும்.

ஆக ஸ்பீக்கர் ஆம்பில் ஹெட்ஃபோன் கேட்பது என்பது அதன் பலத்தைக் கொண்டுவரும் வேலை இல்லை, மிஞ்சிய பலத்தைக் கழித்துவிடும் வேலை. எவ்வளவு சுத்தமாகக் கழிக்கிறோமோ அவ்வளவு நன்றாகக் கேட்கும்.

கழிப்பது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த ஆம்பும் இசையே இல்லாதபோதும் 'உஸ்' என்று ஒரு சன்னமான இரைச்சலை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். 20 வோல்ட் தரும் ஆம்ப், அதன் இரைச்சல் முழுச் சத்தத்தைவிட 100 டெசிபல் கீழே என்று வைத்துக்கொண்டால், அந்த இரைச்சல் 0.2 மில்லிவோல்ட். ஸ்பீக்கரில் இது காதுக்கே வராது, நாம் பல அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் 1 வோல்ட்டுக்கு 120 டெசிபல் தரும் ஒரு கூர்மையான ஹெட்ஃபோனில் அதே 0.2 மில்லிவோல்ட் 46 டெசிபலாகக் கேட்கும். அமைதியான அறையின் சத்தத்தைவிட அது அதிகம். இசையில் மெல்லிய இடம் வரும்போதெல்லாம் அந்த 'உஸ்' முன்னால் வந்து நிற்கும். நடுவில் 20 டெசிபல் குறைத்தால் அது 26 டெசிபலுக்கு இறங்கி, அறையின் அமைதிக்குள்ளேயே மறைந்துவிடும்.

வால்யூம் குமிழிலும் இதே கதைதான். நேராக இணைத்தால் குமிழைத் தொட்டவுடனேயே காது அடைக்கும் அளவுக்குச் சத்தம் வந்துவிடும், நகர்த்த இடமே இருக்காது. அதைவிடத் தொல்லை, குமிழின் அடி முனையில் இடது வலது சேனல்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் ஒரு காது பக்கம் ஒதுங்கிவிடும். ஹெட்ஃபோனில் அது பளிச்சென்று தெரியும். பெட்டி நடுவில் இருந்தால் குமிழைக் கடிகாரத்தின் பத்து, பதினோரு மணி நிலைக்குத் தாராளமாகக் கொண்டுவரலாம், குரலும் நடுவில் நிற்கும்.

நேராகவே ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டத் தகுந்த ஹெட்ஃபோன்கள் உண்டா? உண்டு, மிகச் சில. ஏகேஜி கே1000 அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது: 120 ஓம், 1 மில்லிவாட்டுக்கு வெறும் 74 டெசிபல். ஹைஃபைமேன் ஹெச்இ-6 இன்னொன்று. அது 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதில் 115 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் சுமார் 1.4 வாட், அதாவது 8.4 வோல்ட் தேவை. பல ஹெட்ஃபோன் ஆம்ப்கள் இதற்கு மூச்சு வாங்கும், 8 ஓமில் 20 வாட் தரும் ஒரு எளிய ஸ்பீக்கர் ஆம்ப் சிரமமே இல்லாமல் தந்துவிடும். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்ஃபோன்களுக்கும் ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டும் தனிப் பெட்டிகள் இருந்தன. ஆனால் அவற்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் உயர் வோல்ட்டேஜும் உண்டு, அந்தப் பக்கம் இந்தக் கட்டுரை போகாது.

சரி, உங்கள் ஆம்பில் ஏற்கெனவே ஹெட்ஃபோன் ஜாக் இருந்தால்? பழைய ஸ்டீரியோ ஆம்ப்கள் பலவற்றில் அந்த ஜாக்கும் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்துதான் வருகிறது, நடுவில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். 300 ஓம், 600 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். 32 ஓம் ஹெட்ஃபோனுக்குப் பல நேரம் பொருந்தாது. ஹெட்ஃபோனின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஹெச்டி 650-இல் அது பாஸ் பகுதியில் 300-லிருந்து 500 ஓம் அளவுக்கு எகிறும். நடுவில் 120 ஓம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுமார் 1 டெசிபல் கூடுதல் பாஸ் வரும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஹெட்ஃபோன் தன் இயல்பில் கேட்க வேண்டும், அதனால்தான் நான் செய்யும் பெட்டியில் வெளியீட்டு மின்தடை, அதாவது ஹெட்ஃபோன் தனக்கு முன்னால் காணும் மின்தடை, 3 ஓமைத் தாண்டுவதில்லை.

ஆம்பைச் சோதிப்பது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஆம்ப் பிழைப்பது இங்கேதான் முடிவாகிறது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்ஃபோன் பின்னில் மூன்று தொடர்புகள்தான்: நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் முனை. அப்படியானால் ஆம்பின் இடது கருப்பு டெர்மினலும் வலது கருப்பு டெர்மினலும் பெட்டிக்குள் ஒன்றாகச் சேர வேண்டும். பல ஆம்ப்களில் அவை உள்ளேயே கிரவுண்டில் சேர்ந்துதான் இருக்கின்றன, அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் பிரிட்ஜ் முறையில் வேலை செய்யும் ஆம்ப்களில் கருப்பு டெர்மினல் கிரவுண்ட் கிடையாது. அதிலும் ஒரு தனி ஆம்ப் உட்கார்ந்து, சிவப்புக்கு எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். இப்போது எங்கும் கிடைக்கும் உள்ளங்கை அளவு க்ளாஸ் டி ஆம்ப்கள் பல இந்த வகைதான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் போட்டவை நல்ல உதாரணம். இதில் இரண்டு கருப்பையும் சேர்த்தால் இரண்டு சேனல்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் ஆம்ப் வாய்மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் சிப் போய்விடும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஆம்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ஸ்பீக்கர் ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, ஒரு முனையை இடது கருப்பு டெர்மினலிலும் மறுமுனையை ஆர்சிஏ உள்ளீட்டுச் சாக்கெட்டின் (சிடி பிளேயர் போன்றவற்றின் ஒயரைச் செருகும் வட்டச் சாக்கெட்) வெளி வளையத்திலும் வையுங்கள். பிறகு வலது கருப்புக்கும் அதே போல. இரண்டிலும் பீப் வந்தால், கருப்பு இரண்டும் கிரவுண்ட்தான். ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றாலும் சேர்க்கக் கூடாது. ஒரு சேனலை மட்டும் தலைகீழாக ஓட்டும் ஆம்ப்களும் இருக்கின்றன. பீப் வந்தபிறகும் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள். கருப்பு டெர்மினல்களை ஒன்றோடொன்று இணைக்காதே என்று எங்காவது அச்சிட்டிருந்தால் அந்த வார்த்தைதான் இறுதி.

பிரிட்ஜ் ஆம்ப் என்றால் வழி அடைபட்டுப் போய்விடவில்லை. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி இரண்டு ஒயர் வரும் ஹெட்ஃபோன் வேண்டும், சாக்கெட்டும் நான்கு பின் எக்ஸ்எல்ஆர் (வட்டமான உலோகச் சாக்கெட் வகை) ஆக இருக்க வேண்டும். பின் எண்கள்: 1 இடது சிவப்பு, 2 இடது கருப்பு, 3 வலது சிவப்பு, 4 வலது கருப்பு. சாக்கெட்டின் உலோக உடலில் எதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது டிசி, அதாவது இசை இல்லாதபோதும் வெளியீட்டில் நிலையாகக் கசியும் நேர் மின்சாரம். ஆம்பை ஓடவிட்டு, உள்ளீட்டில் எதுவும் இல்லாமல், வால்யூமைக் குறைத்து, கால் மணி நேரம் சூடாகட்டும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50 வரை பொறுத்துக்கொள்வேன், பெட்டி அதையும் குறைத்துவிடும். 100-ஐத் தாண்டினால் முதலில் ஆம்பைச் சரிசெய்யக் கொடுங்கள், ஹெட்ஃபோன் அப்புறம்.

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் இந்த டிசி சோதனையைச் செய்ய வேண்டாம். அதன் வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் டிசி வெளியே வராது. அதோடு, எந்தச் சுமையும் இல்லாமல், அதாவது வெளியீட்டில் ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ இல்லாமல், வால்வு ஆம்பை ஓடவிடுவதே ஆபத்து. அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எப்போதும் 8 ஓம் மாதிரி ஏதாவது ஒன்று குறுக்கே இருந்தாக வேண்டும்.

ரெசிஸ்டர் மதிப்புகள்

ஒரு சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர். ஒன்று சிவப்பிலிருந்து வரும் வழியில் தொடராக நிற்கிறது, அதை முதலாவது என்போம். மற்றது ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே நிற்கிறது, அது இரண்டாவது. இரண்டாவதின் இரு முனைகளில்தான் ஹெட்ஃபோன் தொங்குகிறது.

என் ஹெச்டி 650-க்கு நான் போட்டது முதலாவது 10 ஓம், இரண்டாவது 3.3 ஓம். சத்தம் சுமார் 12 டெசிபல் குறைகிறது. 20 வோல்ட் உள்ளே போனால் 5 வோல்ட் வெளியே வரும், எனக்கு வேண்டிய 4-க்குக் கொஞ்சம் மேல். வெளியீட்டு மின்தடை 2.5 ஓம். ஆம்புக்குத் தெரியும் சுமை 13 ஓம் சொச்சம், அதற்கு அது ஒரு சாதுவான ஸ்பீக்கர் மாதிரிதான்.

32 ஓம் வகை ஹெட்ஃபோனுக்கு 10 ஓமும் 1 ஓமும் போடுங்கள். குறைப்பு 21 டெசிபல் அளவு, வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்கும் கீழே. 50 வாட் ஆம்பை முழுக்கத் திருகினாலும் ஹெட்ஃபோனுக்குப் போவது 1.8 வோல்ட், சுமார் 100 மில்லிவாட்தான். காதுக்கு அது தாங்க முடியாத சத்தம், ஆனால் ஹெட்ஃபோன் கருகாமல் தப்பிக்கலாம்.

வால்வு ஆம்புக்கு 6.8 ஓமும் 1.2 ஓமும் எனக்குப் பிடித்த ஜோடி. கூட்டினால் சரியாக 8 ஓம். ஹெட்ஃபோனைப் பிடுங்கினாலும் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை அப்படியே இருக்கும். குறைப்பு 16.5 டெசிபல்.

ஹெச்இ-6 மாதிரி பசி அடங்காத ஹெட்ஃபோனுக்கு இந்தக் குறைப்பெல்லாம் வேண்டாம். 20 வாட் அளவு ஆம்பாக இருந்தால் நேராகவே கொடுக்கலாம். 100 வாட் ஆம்போடு அதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஒரு காதுக்கே பல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) வைத்த, காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றின் கூர்மைக்கு 21 டெசிபல் குறைப்புகூடப் பற்றாது, ஒரு ஓம் மாறினாலே தொனி மாறிவிடும்.

ரெசிஸ்டர் எத்தனை வாட்? முதலாவதுக்கு 10 வாட், இரண்டாவதுக்கு 5 வாட், வெள்ளைச் செங்கல் போல இருக்கும் சிமெண்ட் வகை. நிஜத்தில் இவ்வளவு தேவையே இல்லை. சராசரி 85 டெசிபலில் ஹெச்டி 650 கேட்கும்போது அந்த 10 ஓமில் செலவாவது வெறும் 15 மில்லிவாட், தொட்டால் சூடே தெரியாது. பெரிய வாட் போடுவது தவறுதலாக வால்யூம் ஏறிப்போகும் நேரத்துக்காக. ஆனால் அதற்கும் எல்லை உண்டு: சோதனைக்கான ஒற்றைத் தொனியை முழு வால்யூமில் விட்டால் 32 ஓம் வகைக்குச் சொன்ன ஜோடியின் 10 ஓம் ரெசிஸ்டரில் 33 வாட் எரியும், புகை வரும். அப்படிச் சோதிக்காதீர்கள். இந்த வகை ரெசிஸ்டர் இசைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். இவ்வளவு சிறிய ஓம் மதிப்பில், உள்ளே கம்பி சுற்றியிருப்பதால் வரும் அதன் சுருள் குணம் கேட்கும் அதிர்வெண்களில் ஒரு பொருட்டே இல்லை.

பெட்டி

பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மேலே சில துளைகள். கால் இஞ்ச் ஸ்டீரியோ சாக்கெட், நான்கு ரெசிஸ்டர், அவற்றைப் பொருத்த ஒரு சின்ன போர்டு, சிவப்பு கருப்பு ஒயர்கள், நான்கு பனானா பிளக் (ஸ்பீக்கர் டெர்மினலின் துளையில் செருகுவது). ரெசிஸ்டர்கள் போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கட்டும்.

10, 3.3 ஓம் ஜோடியை வைத்தே சொல்கிறேன். இடது சிவப்பு ஒயரை 10 ஓமின் ஒரு காலில் சால்டர் வையுங்கள். அதன் மறுகாலும் 3.3 ஓமின் ஒரு காலும் சேரும் இடத்திலிருந்து ஒரு ஒயர் சாக்கெட்டின் நுனித் தொடர்புக்குப் போகும். 3.3 ஓமின் மறுகால் இடது கருப்பு ஒயரோடும் சாக்கெட்டின் அடிப்பகுதித் தொடர்போடும் சேரும். வலதும் அப்படியேதான், ஆனால் நுனிக்குப் பதில் நடு வளையம். சாக்கெட்டில் எந்தக் கால் எது என்று ஊகிக்க வேண்டாம். ஒரு ஸ்டீரியோ பின்னைச் செருகி, மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பில் மாட்டுவதற்கு முன் மீட்டரால் சரிபார்ப்போம். இடது சிவப்புக்கும் இடது கருப்புக்கும் நடுவே 13.3 ஓம் காட்ட வேண்டும், வலதிலும் அதே. இரண்டு சிவப்புகளுக்கும் நடுவே 26.6. சாக்கெட்டின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் 3.3. மீட்டர் முனைகளின் ஒயரே அரை ஓம் வரை கூட்டிக் காட்டும், அது பரவாயில்லை. இதில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ சால்டர் வழிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது.

பனானா பிளக்குகளை மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். ஒரு பக்கத்தில் சிவப்பும் கருப்பும் இடம் மாறினால், அந்தச் சேனலின் சிவப்பு டெர்மினல் பெட்டிக்குள் இருக்கும் பொதுக் கிரவுண்ட் வழியாக மறுபக்கக் கருப்பைத் தொட்டுவிடும். நடுவில் ரெசிஸ்டர் எதுவும் இல்லாத நேரடி ஷார்ட் அது. ஸ்பீக்கரில் இப்படி மாறினால் ஒலி கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். இங்கே ஆம்பே போய்விடலாம். அதனால் நான் நிறமுள்ள ஒயர் மட்டுமே போடுவேன், பிளக் உறைகளிலும் இடது வலது என்று எழுதி ஒட்டிவிடுவேன். ஆம்ப் அணைந்திருக்கும்போது மட்டும் மாட்டுங்கள்.

முதல் தடவை கேட்க விலை குறைந்த, போனால் போகட்டும் என்கிற ஹெட்ஃபோனைச் செருகுங்கள். இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா, இடது இடதாகவே இருக்கிறதா, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு நல்லதை எடுங்கள்.

தினமும் பயன்படுத்தும்போது

ஆம்பைப் போட்டு, உள்ளே ரிலே (ஸ்பீக்கர் டெர்மினலை இணைக்கும் தானியங்கிச் சுவிட்ச்) 'க்ளிக்' என்று விழுந்த பிறகு ஹெட்ஃபோனைச் செருகுங்கள். அணைப்பதற்கு முன் பிடுங்குங்கள். போடும்போதும் அணைக்கும்போதும் வரும் 'தொப்' சத்தம் ஸ்பீக்கருக்குத் தூசி, ஹெட்ஃபோனுக்கு அடி. செருகும் நேரத்தில் வால்யூம் கீழே இருக்கட்டும். பின் உள்ளே போகும்போது அதன் வளையங்கள் சாக்கெட்டின் தொடர்புகளை ஒரு கணம் ஷார்ட் செய்துகொண்டேதான் போகும். பெட்டிக்குள் 10 ஓம் இருப்பதால் ஆம்ப் அதை உணராது. நேராக ஜாக் வைத்தவர்களின் ஆம்ப் ஒவ்வொரு முறையும் அந்த ஷார்ட்டைத் தாங்க வேண்டும்.

காது விஷயம். இந்த ஏற்பாட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே வராது, ஒலிச் சிதைவும் இல்லாமல் சுத்தமாக இருப்பதால் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று உறைக்காது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நான் வழக்கமாகக் கேட்கும் அளவைக் குமிழில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன், அதைத் தாண்டினால் கண்ணில் படும்.

ஆம்பில் ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பி என்று இரண்டு ஜோடி டெர்மினல் இருந்தால் மிக வசதி. பெட்டியை பி-இல் நிரந்தரமாக மாட்டிவிட்டு, கேட்கும்போது சுவிட்சைத் திருப்பினால் போதும், ஒவ்வொரு முறையும் ஒயர் மாற்ற வேண்டியதில்லை. திரும்ப ஏ-க்கு மாற்றும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள், ஹெட்ஃபோனுக்கு வைத்த பதினோரு மணி நிலை ஸ்பீக்கருக்கு அதிகம், அதிர்ந்துவிடும். ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போடவும் வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரும் 13 ஓம் பெட்டியும் பக்கவாட்டில் சேர்ந்தால் ஆம்புக்கு 5 ஓம் சுமை. 6 ஓமுக்குக் கீழே இறங்காதே என்று பின்பக்கம் எழுதியிருக்கும் ஆம்ப்கள் உண்டு, உங்களுடையது அதில் ஒன்றா என்று டெர்மினலுக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.